வியாழக்கிழமை, ஆறு

நீதிமன்றம் போகுமுன்
நாற்பது நாள் அளந்து பாருங்கள் என்றார்
மதாம் ரோலாந்த்.
கியூர்பிப் சந்தைக்கு எதிரே, மாடியில்,
சுவரெல்லாம் ஈரம் பூத்த அறை.
ஆளுக்கொரு தாள்.
படுக்குமுன் ஓர் எண்.
பூஜ்யம் என்றால் உறைபனி,
பத்து என்றால் நல்ல வெயில்.
மற்றவர் தாளைப் பார்க்கக் கூடாது.

உறைபனியா, என்றான் சாமிநாடன்.
இந்தத் தீவில் பிறந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?
மதாம் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

புயலுக்கு இங்கே நான்கே எண்கள்.
நான்கு வந்தால்
காற்று கதவருகே வந்துவிட்டதென்று பொருள்.
பிறகு வானொலியே சொல்லிவிடும்,
கடந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று.
எங்களுக்குப் பதினொரு எண்கள்.
வானொலி இல்லை.

அவன் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன்.
எந்த வாசலிலும், எந்த நாய் குரைத்தாலும்,
குனிந்து மூடி திறந்து
பாசி துடைத்து எண்ணை வாசித்துவிடுவான்.
இருபத்திரண்டு வருடம்
ஒரே வாசலில் நின்றிருந்தேன் நான்.

முதல் வாரம் நான்கு, நான்கு, இரண்டு.
அவன் அக்கா வந்த ஞாயிறு பூஜ்யம்.
சூசூ கறி நன்றாயிருக்கிறது என்று
போகிற போக்கில் சொன்னான்;
அழித்து ஒன்று போட்டேன்.
லியோனிலிருந்து மகள் கூப்பிடும்போது
ஒரே திரைக்குள் இரு தலையும் சாய்த்து
எட்டு மாதிரி சிரிப்போம்.
அழைப்பு முடிந்ததும்
திரையில் எங்கள் முகம் மட்டும் கறுப்பாக.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாற்பதாம் நாள்
புள்ளி வைத்துக் கோடிழுத்தார் மதாம்.
அவனுக்குப் பச்சை, எனக்கு ஊதா.
நான் இரண்டு போட்ட ஒரு சனிக்கிழமை
அவன் எட்டு போட்டிருந்தான்.
அன்று முழுக்க நாங்கள்
ஒரு வார்த்தை பேசவில்லை.
அவனுக்கு அது நல்ல வெயில்.

பென்சிலை எவ்வளவு அழுத்திப் பிடித்தோம்
என்பதைக் கோடு காட்டாது.
என் தாளில் ஓரிடம் கிழிந்தே இருந்தது.
மதாம் அதையும் ஒரு புள்ளியாகவே எண்ணினார்.

இங்கே பாருங்கள், என்றார் பிறகு.
பதினேழாம் நாள், வியாழன்.
இரண்டு கோடும் தொட்டுக்கொண்ட ஒரே இடம்.
இரண்டு பேருமே ஆறு.
அன்று என்ன நடந்தது?

அவன் என்னைப் பார்த்தான்.
நான் கூரை ஒழுகும் மூலையைப் பார்த்தேன்.
இருவருக்கும் நினைவில்லை.

பள்ளியில் தமிழ் சொல்லித்தருபவள் நான்.
ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்தது,
ஆறு என்றால் ஓடுவது,
சூடாயிருக்கிறது, ஆறட்டும் என்கிறோமே
அதுவும் இதே ஆறுதான் என்றால்
கிரியோல் பேசும் பிள்ளைகள்
ஒரு சொல்லுக்கு இத்தனை வேலையா என்பார்கள்.
மதாம் 'சிஸ்' என்றுதான் சொன்னார்.
அதில் ஒன்றும் ஓடவில்லை, ஒன்றும் ஆறவில்லை.

வக்கோவா பஸ்ஸில் அவன் தொடங்கினான்.
கரண்ட் போனதே, அந்த நாள்.
இல்லை, அது செவ்வாய்.
கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோமே?
நீ நின்றாய், நான் காரில் தூங்கினேன்.
மழை பெய்தது, எனக்கு நன்றாக ஞாபகம்.
கியூர்பிப்பில் மழை ஓர் அடையாளமா?
நீ எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாய்.
நீ எதையும் கவனிக்க மாட்டாய்.

கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டார்.
முன்னிருக்கைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.
இறங்கவேண்டிய இடம் தாண்டி
இரண்டு நிறுத்தம் போய்விட்டிருந்தோம்.
கரும்புத் தோட்ட ஓரமாகத் திரும்பி நடந்தோம்,
ஒரே குடையில், இன்னும் சண்டை போட்டபடி.

அந்த இரவுக்குத் தாள் இல்லை.
விளக்கை அணைத்த பிறகு கேட்டான்,
இன்றைக்கு எவ்வளவு போட்டிருப்பாய்?
தூங்கியவள் மாதிரிக் கிடந்தேன்.

தேதி மாறவில்லை.
மார்ச் பத்தொன்பது, போர்ட் லூயி,
காலை ஒன்பதரை.
நாட்காட்டியில் பார்த்தேன்:
அதுவும் ஒரு வியாழன்.